எஃப்எஸ்எச் 20-ஐத் தாண்டினால் கதை முடிந்ததா? விந்தணு எடுப்பது பற்றிய விவாத இழை

கார்த்திகை_7 | மார்ச் 3, 2024, இரவு 8.50

34 வயது. இரண்டு முறை விந்துப் பரிசோதனை, இரண்டிலும் விந்தணு இல்லை. எஃப்எஸ்எச் (மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி சுரக்கும், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) 21. ஊசி போட்டு விரையிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள் (டெஸா). அதிலும் இல்லை. எஃப்எஸ்எச் 20-க்கு மேல் போனால் விரை செத்துவிட்டது என்று பொருள், இனி எந்த அறுவைக்கும் காசைக் கொட்ட வேண்டாம் என்று ஒரு குழுவில் அடித்துச் சொல்கிறார்கள். சரிதானா?

பெட்ரி தட்டு | மார்ச் 3, இரவு 10.15

சரியில்லை. நீங்கள் எழுதியதில் மூன்று ‘இல்லை’ இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ‘இல்லை’: விந்தில். கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினார்களா, மாதிரி முழுவதையும் மையவிலக்கில் சுற்றி அடியில் தங்கிய வண்டலைப் பார்த்தார்களா? 3000 ஆர்பிஎம்மில் 15 நிமிடம் சுற்றி, வண்டல் முழுவதையும் தேட வேண்டும். அப்போது நாலைந்து விந்தணு தென்பட்டால் அதற்குப் பெயரே வேறு, கிரிப்டோசூஸ்பெர்மியா. உயிருள்ள நாலைந்து போதும் இக்ஸிக்கு (ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை). கத்தி எடுக்கும் வேலையே இல்லாமல் போகலாம்.

இரண்டாவது: ஊசியில். எத்தனை இடத்தில் குத்தினார்கள், வந்த திசுவை யார் எவ்வளவு நேரம் தேடினார்கள்?

மூன்றாவது உங்கள் குழுவினுடையது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரி தட்டு | மார்ச் 3, இரவு 10.22

விட்டுப்போனது: விந்தின் அளவு என்ன, அமிலமா காரமா? அளவு 1 மி.லி.க்கும் குறைவு, பிஹெச் 7-க்குக் கீழே, ஃப்ரக்டோஸ் இல்லை என்றால் விரையைக் குற்றம் சொல்வதற்கு முன் வழியைப் பார்க்க வேண்டும். விந்தின் பெரும்பகுதி செமினல் பைகளிலிருந்து வருகிறது. அது காரத்தன்மை உள்ளது, ஃப்ரக்டோஸும் அதிலிருந்துதான். அந்தப் பங்கு வராவிட்டால் மிஞ்சுவது புராஸ்டேட்டின் அமிலத் திரவம் மட்டும்.

கத்திமுனை | மார்ச் 4, காலை 6.05

அறுவைப் பக்கத்திலிருந்து. அசூஸ்பெர்மியா (விந்தில் விந்தணுவே இல்லாமை) என்றதும் கேட்க வேண்டியது அடைப்பா, உற்பத்திக் குறைவா என்பதுதான். இரண்டுக்கும் வைத்தியம் அடியோடு வேறு.

நல்ல கையிருந்தால் பாதி விடை பரிசோதனை மேஜையிலேயே கிடைத்துவிடும். விரைப்பையைத் தொட்டு வாஸ் குழாயை (விந்தணுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய்) தேடுங்கள். விரலுக்கிடையில் நூல்கண்டு முனைபோல் கெட்டியாக உருள வேண்டும். இரண்டு பக்கமும் சிக்கவில்லை என்றால் பிறவியிலேயே வாஸ் இல்லாதவர். ஸ்கேன் தேவையில்லை. ஆனால் சிஎஃப்டிஆர் மரபணுச் சோதனை தேவை, மனைவிக்கும் சேர்த்து. இருவரிடமும் மாற்றம் இருந்தால் குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் இரண்டும் இருக்கிறதா என்றும் ஒரு ஸ்கேன். ஒரு பக்கம் மட்டும் வாஸ் இல்லாதவர்களில் அதே பக்கச் சிறுநீரகமும் இல்லாமல் இருப்பது அபூர்வமல்ல.

வாஸ் இருக்கிறது, எபிடிடிமிஸ் (விரையின் பின்புறம் ஒட்டியுள்ள, விந்தணு முதிரும் சுருள்குழல்) விம்மியிருக்கிறது, விரை நல்ல பருமன், எஃப்எஸ்எச் 7.6-க்குள், நீளம் 4.6 செ.மீ.க்கு மேல்: அநேகமாக அடைப்பு. எஃப்எஸ்எச் அதைத் தாண்டி, விரை சிறுத்து மெத்தென்று இருந்தால் உற்பத்திக் குறைவு. 2002-இல் வந்த இந்த இரட்டை அளவுகோல் இன்றும் செல்லுபடியாகிறது. நோயறிதலுக்காக மட்டும் தனியாக ஒரு பயாப்ஸி எடுப்பதை இது பெருமளவு தேவையற்றதாக்கிவிட்டது.

21 என்றால் நீங்கள் இரண்டாவது கூட்டம். இந்தக் கூட்டத்துக்கு டெஸா நல்ல சோதனையே அல்ல. 18, 19 கேஜ் ஊசி போகிற பாதையில் இருப்பது மட்டும்தான் வரும். உற்பத்திக் குறைவுள்ள விரையில் விந்தணு தீவு தீவாக இருக்கும். தீவில் ஊசி படாவிட்டால் கடல்தான் வரும்.

பெட்ரி தட்டு | மார்ச் 4, காலை 7.30

என் முதல் குறிப்பில் பிழை. 3000 ஆர்பிஎம் என்று எழுதிவிட்டேன். 3000 ஜி. இரண்டும் ஒன்றல்ல. சுழலியின் ஆரம் 10 செ.மீ. என்றால் 3000 ஆர்பிஎம் தருவது ஏறத்தாழ 1000 ஜி மட்டும். 3000 ஜி வேண்டுமென்றால் அதே இயந்திரத்தை 5200 ஆர்பிஎம் அளவில் ஓட்ட வேண்டும். (கணக்கு: 1.118 × ஆரம் செ.மீ.யில் × ஆர்பிஎம்மின் வர்க்கம் ÷ 1,00,000.) பல ஆய்வகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் தாளிலும் இதே பிழைதான். திருத்தாமல் விடுகிறேன், கீழே படித்து வருகிறவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும்.

கார்த்திகை_7 | மார்ச் 4, இரவு 9.10

அளவு 2.6 மி.லி. பிஹெச் 7.8. வாஸ் இரண்டு பக்கமும் உண்டு. விரை ஒவ்வொன்றும் 9 மி.லி. டெஸ்டோஸ்டிரோன் நார்மல். கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) 46 எக்ஸ்ஒய். ஒய் குரோமோசோம் மைக்ரோடெலிஷன் நெகட்டிவ். வண்டல் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டில் இல்லை.

பெட்ரி தட்டு | மார்ச் 4, இரவு 11.00

அடைப்பு இல்லை, சரி. ஒய் ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று எழுதியிருப்பதை நம்பி நகர முடியாது. எது நெகட்டிவ்? அந்தத் தாளில் எஸ்ஒய்84, எஸ்ஒய்86, எஸ்ஒய்127, எஸ்ஒய்134, எஸ்ஒய்254, எஸ்ஒய்255 என்று ஆறு வரி இருக்கும். அவற்றை அப்படியே போடுங்கள்.

இப்போது எஃப்எஸ்எச். விரையின் நுண்குழல்களில் இருக்கும் செர்ட்டோலி செல்கள் இன்ஹிபின் பி சுரக்கின்றன. பிட்யூட்டரியை ‘போதும்’ என்று அடக்குவது அதுதான். நுண்குழல்களில் விந்தணு வம்சத்துச் செல்கள் குறைந்தால் இன்ஹிபின் குறையும், பிட்யூட்டரி சத்தம் கூட்டும், எஃப்எஸ்எச் ஏறும். ஆகவே எஃப்எஸ்எச் ஒரு சராசரி. இரண்டு விரையும் சேர்ந்து எவ்வளவு வேலை செய்கின்றன என்று சொல்லும். எங்காவது ஒரு மூலையில் நாலு குழல் முழு வேலை செய்கிறதா என்பதை அது சொல்ல வழியே இல்லை. நமக்கு வேண்டியதோ அந்த நாலு குழல்.

கார்னெல் குழு 2009-இல் 792 பேரின் மைக்ரோ டெஸே (விரையைத் திறந்து நுண்நோக்கியில் விந்தணு தேடி எடுக்கும் அறுவை) முடிவுகளை எஃப்எஸ்எச் வாரியாகப் பிரித்துப் போட்டது. 15-க்குக் கீழே 51 சதவீதம், 15 முதல் 30 வரை 60, 31 முதல் 45 வரை 67, அதற்கும் மேலே 60. எஃப்எஸ்எச் ஏறினால் வாய்ப்பு குறைகிறது என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பெட்ரி தட்டு | மார்ச் 5, காலை 6.40

15-க்குக் கீழே ஏன் மோசம் என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இங்கேயே எழுதுகிறேன். முதிர்ச்சித் தடை உள்ளவர்கள் அந்தக் கூட்டத்தில் கலந்திருப்பது ஒரு காரணம். குழல் நிறைய செல்கள் இருக்கும், ஆனால் எல்லாம் மயோசிஸ் (குரோமோசோம் பாதியாகும் செல் பிரிவு) நடுவில் நின்றுபோயிருக்கும். செல்கள் இருப்பதால் இன்ஹிபின் சரியாக இருக்கும், எஃப்எஸ்எச் 5, 6 என்று சாதுவாக இருக்கும், விரையும் பருமனாக இருக்கும். பார்ப்பதற்கு அடைப்பு போலவே தெரியும். திறந்தால் எல்லாக் குழலும் ஒரே மாதிரி பருத்திருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியாது. மரபணுக் கோளாறால் வந்த தடை என்றால் எல்லாக் குழலிலும் ஒரே படியில்தான் நிற்கும். டெக்ஸ்11 மரபணு மாற்றம் அந்த வகை, 2015-இல் தெரியவந்தது.

ஆக ‘எஃப்எஸ்எச் நார்மல், கவலை வேண்டாம்’ என்பதும் உங்கள் குழுவின் வாக்கியம் போலவே தவறு.

கத்திமுனை | மார்ச் 5, இரவு 10.30

மைக்ரோ டெஸே எப்படி நடக்கிறது என்று பலர் கேட்பதால், படிப்படியாக.

முழு மயக்கம். விரைப்பையின் நடுக்கோட்டில் 3, 4 செ.மீ. வெட்டு. அதன் வழியே ஒரு விரையை வெளியே கொண்டுவந்து மேலுறையைத் திறந்து, நுண்நோக்கியைக் கொண்டுவருவது. முதலில் 6 முதல் 8 மடங்குப் பெருக்கம் போதும். வெள்ளை உறையான டியூனிகா அல்புஜினியாவின் கீழே ரத்த நாளங்கள் ஓடுவது தெரியும். நாளம் இல்லாத இடம் பார்த்து, பூமத்திய ரேகை போல் குறுக்கே வெட்டுவது. சுற்றளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு. நீளவாக்கில் வெட்டினால் நாளங்கள் அறுபடும், பின்னால் விரை சுருங்கும்.

பிறகு விரையைப் புத்தகம் போல விரித்து, பெருக்கத்தை 15 முதல் 25 வரை ஏற்றித் தேடல். வேலை செய்யாத குழல் ஒல்லியாக, நிறம் மங்கி, ஏறக்குறைய கண்ணாடி போல இருக்கும். உள்ளே செல் நிறைந்த குழல் பருத்து, வெளுத்து, ஒளி ஊடுருவாமல் இருக்கும். அவித்த சேமியாவில் நாலு இழை மட்டும் வேகாமல் வெள்ளையாக நிற்பது போல. அதை மட்டும் நுனிச் சாமணத்தால் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுப்பது. குழல்கள் மடல் மடலாக இருக்கும், மடல்களுக்கு இடையே உள்ள தடுப்பு வழியாகவே ஆழத்துக்குப் போக வேண்டும். குறுக்கே பிய்த்தால் ரத்தம். ரத்தம் வந்தால் இருமுனை மின்தீயை மிகக் குறைத்து வைத்து, அந்தப் புள்ளியை மட்டும் சுட வேண்டும். அடிக்கடி ரிங்கர் லாக்டேட் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும், விளக்கின் சூட்டில் திசு காய்ந்துவிடும்.

மூடுமுன் ரத்தக் கசிவு முழுவதும் நின்றதா என்று இன்னொரு தடவை பார்ப்பது கட்டாயம். உறை விரியாது. உள்ளே ரத்தம் தேங்கினால் அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் திசுவும் சாகும். 5-0 அல்லது 6-0 நூலால் தையல். ஒரு பக்கத்தில் கிடைக்காவிட்டால் மறுபக்கம். மொத்தம் 2 முதல் 4 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல்.

இதை 1999-இல் விவரித்தவர் பீட்டர் ஷ்லெகல். அந்தக் கட்டுரையில் பழைய முறையில் 45 சதவீதம், நுண்நோக்கி வைத்து 63 சதவீதம் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எடுத்த திசுவின் எடை: முன்பு சராசரி 720 மி.கி., நுண்நோக்கியில் 9.4 மி.கி.

பெட்ரி தட்டு | மார்ச் 6, காலை 7.05

வேகாத சேமியா உவமை நன்றாக இருக்கிறது. சமையலறைப் பக்கம் இனிப் போக முடியாது.

பெட்ரி தட்டு | மார்ச் 6, இரவு 9.45

அந்த 9 மி.கி. எங்கள் கைக்கு வந்த பிறகு.

திசு வந்து விழும் தட்டில் ஹெபிஸ் கலந்த ஊடகம், கொஞ்சம் புரதம். முதலில் ரத்தத்தை அலசிவிட வேண்டும். அடுத்து, குழலை உடைப்பது. விந்தணு குழலுக்குள் இருக்கிறது, முழுக் குழலை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் தெரியாது. நுண்கத்தரியால் நறுக்கி, பிறகு 24 கேஜ் ஐவி கேனுலாவை சிரிஞ்சில் மாட்டி, அந்தக் கூழைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது. அலுப்பான வேலை, ஆனால் தென்படும் விந்தணு எண்ணிக்கையைப் பல மடங்கு ஏற்றுவது இதுதான். ‘விந்தணு இல்லை’ என்ற ரிப்போர்ட்டுகளில் ஒரு பங்கு இந்தப் படியை அரைகுறையாகச் செய்ததால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவை நடக்கும்போதே ஒவ்வொரு துண்டிலிருந்தும் 5 மைக்ரோலிட்டர் எடுத்து, 200 மடங்கில் ஓடவிட்டு, சந்தேகம் வந்தால் 400-இல் பார்ப்பது. ஒன்று தெரிந்தாலும் ‘அதே இடத்தில் இன்னும் எடுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். மீதித் தேடல் பிறகு, எண்ணெயின் அடியில் சிறு சொட்டுகளாகப் பரப்பி, விளிம்பு விளிம்பாக. விந்தணு சொட்டின் நடுவில் நமக்காகக் காத்திருக்காது, ஓரத்தில் குப்பையோடு ஒட்டிக்கிடக்கும்.

ரத்தச் சிவப்பணு அதிகமென்றால் கண் ஏமாறும். அம்மோனியம் குளோரைடு கரைசலில் (155 மில்லிமோலார், உடன் 10 பொட்டாசியம் பைகார்பனேட், 2 இடிடிஏ) 5 முதல் 10 நிமிடம் வைத்தால் சிவப்பணு உடையும். உடனே கழுவிவிட வேண்டும். மறந்து விட்டால் உடைவது சிவப்பணு மட்டுமாக இருக்காது.

நறுக்கியும் கிடைக்கவில்லை என்றால் நொதி: கொலாஜினேஸ் வகை 4, மி.லி.க்கு 1000 யூனிட், டிஎன்ஏஸ் 25 மைக்ரோகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம், 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி. டிஎன்ஏஸ் சேர்க்காவிட்டால் செத்த செல்களின் டிஎன்ஏ கூழாகத் திரண்டு, எல்லாவற்றையும் அதற்குள் பிடித்துக்கொள்ளும்.

தேடல் ஒரு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, ஆறேழு மணி நேரம் போவதும் உண்டு. 20 நிமிடத்தில் ‘நெகட்டிவ்’ எழுதப்பட்டால் அந்த நெகட்டிவை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

பெட்ரி தட்டு | மார்ச் 6, இரவு 9.58

கத்திமுனை டாக்டருக்கும் அவர் இனத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘கிடைச்சுதா?’ என்று கதவைத் திறந்து கேட்பதால் விந்தணு சீக்கிரம் வருவதில்லை.

கத்திமுனை | மார்ச் 6, இரவு 10.20

கேட்காவிட்டால் நீங்கள் சொல்வதே இல்லை.

கார்த்திகை_7 | மார்ச் 7, மாலை 6.15

ஒய் ரிப்போர்ட் கிளினிக்கில் இருக்கிறது, நகல் கேட்டிருக்கிறேன். அதுவரை துத்தநாகம், ஃபோலிக் அமிலம், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தொடரலாமா? மூன்று மாதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

பெட்ரி தட்டு | மார்ச் 7, இரவு 10.40

மூன்று மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியும். ஸ்டெம் செல்லிலிருந்து விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், எபிடிடிமிஸைக் கடக்க மேலும் ஓரிரு வாரம். கணக்கு சரி, மாத்திரைதான் கேள்வி. 2020-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையில் 2370 தம்பதிகள். ஆண்களுக்கு 6 மாதம் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் 30 மி.கி. துத்தநாகமும். உயிருடன் பிறந்த குழந்தை: மாத்திரைக் கூட்டத்தில் 34 சதவீதம், வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 35. கூடுதலாக வயிற்றுத் தொல்லை. அவர்கள் அசூஸ்பெர்மியாக்காரர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குப் பொருந்தும் நல்ல சான்று ஒரு பக்கமும் இல்லை. தின்றால் கெடுதல் பெரிதாக இல்லை, காத்திருப்பதில்தான் கெடுதல். மனைவியின் வயது ஓடிக்கொண்டிருக்கிறது.

கத்திமுனை | மார்ச் 8, காலை 6.20

மாத்திரையைவிட முக்கியமான கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஜெல், உடற்பயிற்சிக் கூடத்து ‘பவர்’ ஊசி ஏதாவது? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி எல்எச் (விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்தும். விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், ஊசியால் அந்த அளவை எட்டவே முடியாது. உற்பத்தி நின்றுவிடும். ‘ஆண்மைக்குறைவு’ என்று போன ஆளுக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுத்து, இருந்த விந்தணுவையும் காணாமல் அடிக்கிற மருத்துவம் இன்னும் நடக்கிறது.

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். ஆண் கருத்தடை ஆய்வுகளைத் தொகுத்த 2006 கணக்குப்படி மி.லி.க்கு 2 கோடி என்ற அளவை 6 மாதத்தில் 67 சதவீதம் பேர், 12 மாதத்தில் 90 சதவீதம் பேர் எட்டினார்கள். மருத்துவ அளவில் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான ஆண்களின் கணக்கு அது. நாலு மருந்தை அடுக்கிப் போட்டவருக்கு அதைக் காட்டி நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

கார்த்திகையின் எஃப்எஸ்எச் 21 என்பதால் இது அவர் கதை அல்ல. ஊசிக்காரருக்கு எஃப்எஸ்எச் 1-க்குக் கீழே கிடக்கும்.

கத்திமுனை | மார்ச் 8, காலை 6.34

அதையொட்டி: எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் தரையில் கிடந்தால், ஊசியும் போட்டதில்லை என்றால், பிட்யூட்டரி அல்லது அதற்கு மேலே கோளாறு. கால்மன் நோய் போல. மோப்ப சக்தி உண்டா என்று கேட்பது அதற்குத்தான். இவர்களைத் தயவுசெய்து அறுவை மேஜைக்கு அனுப்பாதீர்கள். எச்சிஜி (எல்எச் வேலையைச் செய்யும் ஹார்மோன் ஊசி) 1500 முதல் 2000 யூனிட் வாரம் 2, 3 தடவை, சில மாதம் கழித்து எஃப்எஸ்எச் ஊசி சேர்த்தால், பெரும்பாலோருக்கு விந்திலேயே விந்தணு வரும். பொறுமை வேண்டும், சிலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். ஆண் மலட்டுத்தன்மையில் மருந்தாலேயே தீரும் கோளாறுகள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

பெட்ரி தட்டு | மார்ச் 9, இரவு 9.00

அடைப்பு உள்ளவர்கள் இந்த இழையைப் படித்துப் பயந்துபோவதாகத் தெரிகிறது. உங்கள் கதை எளிது. உற்பத்தி நன்றாக நடக்கிறது, சாலைதான் மறியல். பெஸா என்று 26 கேஜ் ஊசியில் எபிடிடிமிஸிலிருந்து உறிஞ்சலாம், அல்லது மெஸா என்று நுண்நோக்கியில் எபிடிடிமிஸின் ஒரு குழலைத் திறந்து எடுக்கலாம். மெஸாவில் ஒரு மைக்ரோலிட்டருக்கே பத்து லட்சம் அளவில் கிடைக்கும், பல குழாய்களில் உறைய வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விசித்திரம். இயல்பான ஆணில் எபிடிடிமிஸின் வால் பக்கம்தான் முதிர்ந்த, நீந்தும் விந்தணு இருக்கும். அடைப்பில் தலைகீழ். வாலில் தேங்கிக் கிடப்பது கிழடு தட்டிச் செத்தவையும் குப்பையும். மஞ்சளாக, கெட்டியாக வரும். தலைப் பக்கம் நகர நகரத் திரவம் தெளியும், அசைவும் கூடும். வாலில் குத்திச் செத்ததைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் நாலு மி.மீ. மேலே போயிருக்கலாம்.

கத்திமுனை | மார்ச் 9, இரவு 9.25

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு மனம் மாறியவர்கள் ஊசிக்கு முன் குழாயை மறுபடி இணைப்பதையும் யோசியுங்கள். 1991-இல் வந்த பெரிய கூட்டாய்வில், 3 வருடத்துக்குள் இணைத்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, 76 சதவீதம் கருத்தரிப்பு. 15 வருடம் தாண்டியவர்களுக்கு 71, 30. மனைவிக்கு 38 வயது என்றால் கணக்கு வேறு. அங்கே காத்திருக்க நேரமில்லை.

பெட்ரி தட்டு | மார்ச் 10, இரவு 10.10

விரையிலிருந்து எடுத்த விந்தணு அசைவதே இல்லை, அதைச் செலுத்தலாமா என்ற கேள்வி. விரை விந்தணு எபிடிடிமிஸைப் பார்த்ததில்லை, நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. இருந்த இடத்தில் வாலைச் சற்றே சொடுக்கினால் போதும், உயிர் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் செத்ததையும் உயிருள்ளதையும் பிரிக்க வேண்டும்.

பென்டாக்ஸிஃபிலின் சொட்டில் வைத்தால் உயிருள்ளது சில நிமிடத்தில் துடிக்கத் தொடங்கும். எடுத்ததும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் செலுத்த வேண்டும், கருமுட்டைக்கு அந்த மருந்து வேண்டாம். அல்லது நீர்த்த கரைசலில் (150 மில்லி ஆஸ்மோல் அளவு) வைத்தால் உயிருள்ளதன் சவ்வு நீரை வாங்கி வால் சுருளும். சாமணம் போல் நுண்குழலால் வாலைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு, வளைந்து கொடுத்தால் நல்லது, குச்சி போல மொத்தமாகத் திரும்பினால் செத்தது. லேசர் இருந்தால் வால் நுனியில் ஒரு சுடு, சுருண்டால் உயிர்.

பெட்ரி தட்டு | மார்ச் 10, இரவு 10.19

‘சாமணம் போல் நுண்குழலால்’ தவறான உவமை, அடித்துவிடுங்கள். இக்ஸி செலுத்தும் அதே கண்ணாடிக் குழல்தான், நுனியால் தொடுவது. இரவு பத்து மணிக்கு மேல் நான் உவமை சொல்லக் கூடாது.

கத்திமுனை | மார்ச் 11, காலை 6.00

எப்போது எடுப்பது என்பதில் பெட்ரிக்கும் எனக்கும் ஒத்துவராது, இருவர் பக்கமும் இருக்கட்டும். நான் மனைவிக்குக் கருமுட்டை எடுக்கும் நாளுக்கு முந்தைய நாளில் மைக்ரோ டெஸே செய்வதை விரும்புகிறேன். தூண்டல் ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். முந்தைய நாளே தொடங்கினால் ஆய்வகத்துக்கு ஓர் இரவு கூடுதலாகக் கிடைக்கும். உறைந்து உருகும்போது 15 விந்தணுவில் 15-உம் போய்விடலாம். சுடச்சுட உபயோகித்தால் அந்த இழப்பு இல்லை.

பெட்ரி தட்டு | மார்ச் 11, இரவு 8.30

என் பக்கம். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், கிடைக்காத பாதியில் அந்தப் பெண் பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டது எதற்கு? முதலில் எடுத்துப் பார்ப்போம், கிடைத்தால் உறைய வைப்போம், பிறகு அவருக்கு ஊசி. அடைப்புக்காரர்களிடம் உறைந்ததற்கும் புதியதற்கும் பலனில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

உற்பத்திக் குறைவில் டாக்டர் சொல்லும் பயம் உண்மைதான். எண்ணி 15 இருக்கும்போது அதை ஒரு மி.லி. குழாயில் போட்டு உறைய வைப்பது கடலில் கடுகு போடுவது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மிகச் சிறு சொட்டில், தட்டையான தாங்கியில் வைத்து உறைய வைக்கத் தெரிந்த ஆய்வகமா என்று கேளுங்கள். 1997-இல் வெறுமையாக்கிய முட்டை ஓட்டுக்குள் விந்தணுவை வைத்தே உறைய வைத்துக் காட்டினார்கள். தெரியாத ஆய்வகம் என்றால் டாக்டர் சொல்வதே சரி, கிடைக்காவிட்டால் முட்டையை உறைய வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு.

கார்த்திகை_7 | மார்ச் 13, மாலை 7.40

நகல் வந்தது. அப்படியே:
எஸ்ஒய்84 உண்டு. எஸ்ஒய்86 உண்டு. எஸ்ஒய்127 உண்டு. எஸ்ஒய்134 உண்டு. எஸ்ஒய்254 நெகட்டிவ். எஸ்ஒய்255 நெகட்டிவ்.
நெகட்டிவ் என்றால் நல்லதுதானே?

பெட்ரி தட்டு | மார்ச் 13, இரவு 8.05

இல்லை. அந்த இரண்டு பட்டைகள் ஜெல்லில் வரவில்லை என்று பொருள். அந்தத் துண்டு உங்கள் ஒய் குரோமோசோமில் இல்லை. உங்களுக்கு ஏஇசட்எஃப்-சி (ஒய்யில் விந்தணு உற்பத்திக்கான ஏ, பி, சி என்ற மூன்று பகுதிகளில் ஒன்று) டெலிஷன் இருக்கிறது. காரணம் இதுதான்.

அதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. ஏ பகுதி முழுவதும் போயிருந்தாலோ பி பகுதி முழுவதும் போயிருந்தாலோ (84, 86, அல்லது 127, 134) கத்தி வைக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அங்கே எத்தனை மணி நேரம் தேடினாலும் கிடைக்காது. உங்கள் நாலு வரியும் ‘உண்டு’. சி மட்டும் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, சில தொகுப்புகளில் அதற்கும் மேலே, மைக்ரோ டெஸேயில் கிடைக்கிறது. உங்கள் குழு 21-ஐப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இங்கேயே விழுந்துவிட்டது.

கத்திமுனை | மார்ச் 13, இரவு 9.15

முடிவெடுக்கும் முன் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று. மகன் பிறந்தால் அவனுக்கும் இதே ஒய், இதே டெலிஷன் போகும். பாதி வாய்ப்பு அல்ல, முழுக்க. மகளுக்கு ஒய்யே போகாது. மகனின் மற்ற உடல்நலத்தை ஏஇசட்எஃப்-சி பாதிப்பதில்லை, ஆனால் 30 வயதில் அவனும் இதே கேள்வியோடு நிற்கலாம். மரபணு ஆலோசகரிடம் போய்விட்டு வாருங்கள்.

அறுவை செய்வதானால் பயாப்ஸித் துண்டு ஒன்றையும் திசு ஆய்வுக்குக் கேளுங்கள். பூவான் கரைசலில் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் நுண்குழல் சுருங்கி உருக்குலையும். சிறுத்த விரையில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்றும் அதிலேயே பார்த்துவிடலாம். அறுவைக்குப் பின் 3, 6 மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன். கொஞ்சம் இறங்கி மெல்ல ஏறும், சிலருக்கு ஏறுவதில்லை. கிடைக்காமல் மறுபடி முயல்வதானால் 6 மாதம் கழித்துத்தான்.

கார்த்திகை_7 | மார்ச் 13, இரவு 10.00

டெஸாவில் இல்லாதது எப்படி இதில் வரும் என்று மனைவி கேட்கிறார். நாற்பது வரியில் எழுதியதை அவருக்கு இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

பெட்ரி தட்டு | மார்ச் 13, இரவு 10.12

அங்கே கண்ணை மூடி நாலு இடத்தில் தொட்டார்கள். இங்கே திறந்து, ஒவ்வொரு குழலாகப் பார்த்து, பருத்ததை மட்டும் எடுப்பார்கள்.

பெட்ரி தட்டு | மார்ச் 14, காலை 6.50

இன்னொன்று, இதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஏஇசட்எஃப்-சி போனவர்களில் சிலருக்கு விந்திலேயே எப்போதாவது ஒன்றிரண்டு தலைகாட்டும். உங்கள் வண்டலை யாரும் இதுவரை பார்த்ததாகத் தெரியவில்லை. அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் இரண்டு மாதிரி கொடுங்கள், முழு வண்டலையும் தேடச் சொல்லுங்கள். ஒன்று தென்பட்டாலும் அதை உறைய வைக்கச் சொல்லுங்கள், இந்த டெலிஷனில் எண்ணிக்கை வருடம் போகப் போகக் குறைவதுண்டு. அறுவை நாள் காலையிலும் மயக்கம் கொடுக்கும் முன் ஒரு மாதிரி.

கத்திமுனை | மார்ச் 14, காலை 7.02

3000 ஜி. ஆர்பிஎம் அல்ல.